ஹமுராபியின் படகும் எமது மீன் தொட்டியும்

படகு கட்டுபவன் ஒழுங்காகக் கட்டாமல் கொடுத்து, அந்தப் படகு அதே வருடத்துக்குள் பழுதுபட்டால், அவன் தன் சொந்தச் செலவில் அதைப் பிரித்து, உறுதியாகத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 3,750 வருடங்களுக்கு முன் பபிலோனியாவை ஆண்ட ஹமுராபியின் சட்டத் தொகுப்பில் 235ஆவது சட்டம் இது. "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்துவிட்டுக் கடந்து போகிறோமே, அதே ஹமுராபிதான். தண்ணீர் உள்ளே வரக் கூடாத பொருளுக்கு அன்றே ஒரு வருட வொரன்டி. தண்ணீர் வெளியே போகக் கூடாத பொருளை வாங்கும்போது இன்று நாம் பெட்டியில் தேடுவதும் அதே ஒரு வருடத்தைத்தான்.

மீன் தொட்டி சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்களில் வீட்டு முற்றத்தில் கப்பி, மொலி, ஃபைட்டர் வளர்த்து விற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் செலவில் ஒரு பங்கை அந்தத் தொட்டிகளில் இருந்து எடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். நடுச்சாமத்தில் எயார் பம்ப் நின்றால் சுபஹுக்கு எழும்பிப் பார்க்கும்போது மீன்கள் மிதக்கும். கடைக்காரர் நல்ல மனிதராக இருந்தால் பம்பை மாற்றித் தருவார். மீன்? "வொரன்டி பம்புக்குத்தான் தம்பி, மீனுக்கு இல்ல." பெட்டியில் எழுதியிருப்பதன்படி அவர் சொல்வது சரி. அந்த வரி எப்படிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பழைய காலச் சட்டங்கள் பெரும்பாலும் விற்றவரையே பிடித்தன. உரோமில் சந்தையைக் கண்காணித்த அதிகாரிகள் ஒரு விதி வைத்திருந்தார்கள். அடிமையிலோ கால்நடையிலோ சொல்லாத குறை இருந்தால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வழக்குத் தொடரலாம். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் பிக்ஹு நூல்களிலும் 'கியாருல் ஐப்' என்று ஒரு பாடம் உண்டு. விற்கும்போதே பொருளில் இருந்து, வாங்கியவர் அறியாத குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அது. இரண்டிலும் எதிரே நிற்பவர் முகம் தெரிந்த வியாபாரி. செய்தவர் ஓரிடம், விற்பவர் ஓரிடம், நடுவே கடல் என்ற நிலைமை பிறகுதான் வந்தது.

மீன் தொட்டியும் தொடக்கத்தில் முகம் தெரிந்த பொருளாகவே இருந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் முதலாவது பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய 'த அக்வேரியம்' என்ற நூல் அந்தச் சொல்லையே வீடுகளுக்குள் கொண்டு போனது. அந்தத் தொட்டியில் இயந்திரம் என்று ஒன்றும் கிடையாது. செடி ஒட்சிசனைக் கொடுக்கும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும். இரசாயனவியலாளர் ரொபர்ட் வோரிங்டன் 1850 அளவில் செய்து காட்டிய இந்தச் சமநிலைதான் முழு உபகரணமும். சட்டமும் கண்ணாடியும் புட்டியும் கொண்ட தொட்டி கசிந்தால் வீட்டுக்காரரே புட்டி வைத்து அடைப்பார். குளிர் நாடுகளில் வெப்பவலய மீன் வளர்த்தவர்கள் தொட்டியின் அடியில் விளக்கு ஏற்றி வைத்துச் சூடாக்கியதும் உண்டு. எது பழுதானாலும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, கையால் திருத்தவும் முடிந்தது. வொரன்டி கேட்கும் தேவையே எழவில்லை.

மின்சாரம் வந்ததும் கதை மாறியது. ஹீட்டர் கண்ணாடிக் குழாய்க்குள் மூடப்பட்டது. மோட்டர் பிசினுக்குள் புதைக்கப்பட்டது. இங்கே ஒரு ஜேர்மனியரைச் சொல்லியாக வேண்டும். குந்தர் ஏஹைம் 1949இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அது செய்த பொருட்களில் ஒன்று விளையாட்டு ட்ரொலி பஸ்! 1960களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய வாளி போன்ற ஃபில்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவ்வகைப் பம்புகளில் மோட்டரின் மின்கம்பிச் சுருள் தண்ணீரைத் தொடாமல் அடைபட்டிருக்கும். தண்ணீருக்குள் சுழல்வது காந்தம் பொருத்திய ஒரு விசிறியும் அதன் மெல்லிய அச்சும் மட்டும்தான். எனவே தேய்வதும் உடைவதும் பெரும்பாலும் அந்த விசிறி, அச்சு, ரப்பர் வளையம். மூன்றையும் வீட்டிலேயே மாற்றலாம். அந்தக் கம்பனியின் 'கிளாசிக்' வகை ஃபில்டர்கள் பல பத்து வருடங்களாகப் பெரிய மாற்றமின்றி விற்கப்படுகின்றன, உதிரிப்பாகமும் கிடைக்கிறது. மீன் வளர்ப்பவர்களிடம் அதற்குக் கிடைத்த மரியாதைக்கு வொரன்டிக் கடதாசியை விட இந்தச் சின்னச் சின்னப் பாகங்களே காரணம் என்பது எமது எண்ணம்.

இனிக் கடதாசிக்கு வருவோம். முகம் தெரியாத உற்பத்தியாளரின் வாக்கு அவரைக் கட்டுப்படுத்துமா? 1892இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்டுப்படுத்தும் என்றது. எங்கள் மருந்துப் பந்தைப் பாவித்தும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண் தருவோம் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்ட கம்பனி, கார்லில் என்ற பெண்மணிக்கு அந்தக் காசைக் கொடுக்க வேண்டி வந்தது. கம்பனிகளும் பாடம் படித்தன. வாக்குறுதியைக் கவனமாக, சுருக்கமாக, விதிவிலக்குகளோடு எழுதத் தொடங்கின. அமெரிக்காவில் இந்தச் சிறிய எழுத்துகளின் விளையாட்டு எல்லை மீறியபோது 1975இல் மக்னசன்–மொஸ் சட்டம் வந்தது. வொரன்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. எழுத்தில் கொடுத்தால் விளங்கும்படி எழுது, அது 'முழுமையானதா', 'வரையறுக்கப்பட்டதா' என்று தலைப்பிலேயே சொல் என்றது. நம் கடைகளில் வெளிநாட்டுப் பெட்டிகளில் 'லிமிடெட் வொரன்டி' என்று பார்க்கிறோமே, அந்தத் தலைப்பின் ஊர் அதுதான்.

அந்தத் தலைப்பின் கீழே என்ன இருக்கிறது? விசிறி, அச்சு, வளையம், ஸ்பொஞ்ச் ஆகியவை 'தேயும் பாகங்கள்', பெரும்பாலும் வொரன்டிக்குள் வராது. எது முதலில் போகுமோ அதுவே வெளியே! மின்னழுத்தக் கூடுதல் குறைவால் வந்த பழுதும் சேராது. பின்விளைவாக வரும் நட்டம், அதாவது மீன், செடி, வீட்டுத் தரை, எதற்கும் பொறுப்பில்லை. ஹீட்டரில் தெர்மோஸ்டட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் அது அணையாமல் எரிந்து தொட்டியையே அவித்துவிடும். கம்பனி தருவது இன்னொரு ஹீட்டர் மட்டும். 2022இல் நாம் கண்ட நீண்ட மின்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்த அச்சுள்ள பழைய பம்ப், ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடும். ஒருமுறை நின்றால் கரண்ட் வந்த பிறகும் சுழலாது. மூடிய ஃபில்டருக்குள் மணிக்கணக்கில் ஒட்சிசன் இல்லாமல் நன்மை செய்யும் பக்டீரியாக்கள் சாகும், பிறகு அமோனியா ஏறும். எந்தப் பெட்டியும் இதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஐரோப்பா இன்னொரு வழியில் போனது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த பணிப்புரை, பொருள் கையளிக்கும்போதே இருந்த குறைக்கு இரண்டு வருடம் விற்றவரே பொறுப்பு என்றது. கம்பனி தன் விருப்பத்தில் கொடுக்கும் வொரன்டி அதற்கு மேலதிகம். பழையபடி முகம் தெரிந்த வியாபாரியிடமே திரும்பியிருக்கிறார்கள்.

எமது நாட்டிலும் அந்தக் கதவு மூடப்படவில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அப்படியான பொருட்களை விற்கும் வியாபாரியிடம் விவரம் சொல்லி வாங்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே உள்ள நிபந்தனையாக வைத்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வியாபாரியோ வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றி முறைப்பாடு செய்ய வழி தருகிறது. ஆனால் எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள். ஒரு வருட வொரன்டி இருக்கிறதே என்று ஆறுதலாக இருப்பவர்கள் இந்த மூன்று மாதத்தைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை ஃபில்டர் வாங்கப் போகும்போது "எத்தனை வருட வொரன்டி?" என்பதற்கு முன் "இதற்கு விசிறி தனியாக வாங்கலாமா, இப்போது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால் ஒன்றை அன்றே வாங்கி வையுங்கள். மீன் விற்று வாழ்பவர்கள் ஒரு மலிவான எயார் பம்பையாவது மேலதிகமாக வைத்திருப்பது நல்லது. வொரன்டி அட்டையில் கடைக்காரரின் முத்திரையையும் திகதியையும் கடையிலேயே போட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டை அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தக் கடதாசியில் எழுத்து நமது வெயிலுக்குச் சில மாதங்களிலேயே மங்கிவிடும். அதிகார சபையின் அவசர இலக்கம் 1977.