வெளிச்சத்துக்கு முன் வந்த சட்டம்: தீவகக் கடலின் எச்சரிக்கைக் குறிகள்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், நெடுந்தீவு என்று சிதறிக் கிடக்கும் நிலத்துண்டுகளுக்கு நடுவே பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான் நிற்கும். அடியில் மணல்திட்டும் முருகைக்கல்லும் கிடக்கும். சோழகம் வீசும் மாதங்களில் அலை ஒரு பக்கம் தள்ளும், வாடை வீசும் மாதங்களில் மறுபக்கம் தள்ளும். பாய்மரத் தோணிக்குப் பிரேக் கிடையாது. திட்டைக் கண்ட பிறகு தண்டையல் சுக்கானைத் திருப்பினாலும் காற்றும் நீரோட்டமும் தோணியைத் திட்டின்மேல் கொண்டுபோய் ஏற்றிவிடும். ஆபத்தின் தலையிலேயே நிற்கும் குறியால் அவனுக்குப் பெரிய பயன் இல்லை. திரும்புவதற்கு நேரம் இருக்கும்போதே அது கண்ணில் பட வேண்டும். தீவகக் கடலில் அப்படிப்பட்ட குறிகள் வர நெடுங்காலம் பிடித்தது. சேதமான கப்பலுக்கான சட்டம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்துவிட்டது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டில் அந்தச் சட்டம் இருக்கிறது. பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது ஆணை. ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி. படைக்கு வேண்டிய மிருகங்களைக் கொண்டுவருபவனுக்கு மட்டும் கை தாராளமாக நீண்டிருக்கிறது. அரசன் வியாபாரக் கணக்குத் தெரிந்தவன்தான்.

பாதியை எடுத்துக்கொள்வது இன்றைய கண்ணுக்குக் கொள்ளைபோலத் தெரியலாம். அக்காலத்து வழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த கப்பலின் சரக்கு முழுவதையும் கரையை ஆண்டவன் அள்ளிக்கொள்வது பல கரைகளில் நடந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் நிறுத்திய கல்வெட்டு, முன்னைய அரசர்கள் அப்படிப் பறித்ததைச் சொல்லி, இனித் தீர்வை மட்டுமே வாங்கப்படும் என்று அபயம் கொடுக்கிறது. இரண்டு கற்களும் பேசுவது கப்பல் உடைந்த பிறகு நடக்க வேண்டியதைத்தான். உடையாமல் காக்கும் விளக்கைப் பற்றியோ குறியைப் பற்றியோ இரண்டிலும் ஒரு சொல் இல்லை. ஆனாலும் கப்பல் உடைவதற்குத் தனி விதி எழுதி அதைக் கல்லில் வெட்ட வேண்டியிருந்தது என்பதே, இந்தக் கடல் எத்தனை கப்பல்களை விழுங்கியிருக்கும் என்பதற்குச் சாட்சி.

போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைத் துறை என்றே அழைத்தார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கைற்ஸ்’ என்ற பெயர் துறையைக் குறிக்கும் அவர்களது சொல்லின் மிச்சம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, யாழ்ப்பாணத்துக்குப் போகும் வாய்க்காலின் வாயிலில், அவர்கள் கட்டிய கோட்டை 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கைத் தீவைப் பன்றித்தொடை இறைச்சியாக உருவகித்த ஒல்லாந்தர், கோட்டை நின்ற சிறு நிலத்தை அதன் குதிகாலாகக் கண்டு ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரிட்டார்கள். ஊர்மக்களுக்கு அது கடற்கோட்டை. பீரங்கிக்காகக் கட்டப்பட்டதுதான், ஆனால் நாற்புறமும் தண்ணீர் சூழ நிமிர்ந்து நிற்கும் கற்சுவர் பகலில் வரும் தோணிக்கு வாய்க்காலின் வாயைக் காட்டிக் கொடுத்தது. நெடுந்தீவின் தென்பக்கக் கரையில் நிற்கும் பழைய முருகைக்கல் கோபுரமும் பகற்குறிதான். இருட்டியதும் கோட்டையும் கோபுரமும் மறைந்துவிடும்.

இரவுக்கான குறி பிரித்தானியர் காலத்தில் வந்தது. காங்கேசன்துறையில் 22 மீட்டர் உயர வெளிச்சவீடு 1893இல் எழுந்தது. 1916இல் இரண்டு எழுந்தன: பருத்தித்துறையில் 32 மீட்டர், காரைநகர் கோவளத்தில் 30 மீட்டர். தீவகத்துக்கு உரியது கோவளத்து வெளிச்சவீடுதான். உயரத்துக்குக் காரணம் உண்டு. பூமி உருண்டை என்பதால், 30 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கு கடல்மட்டத்தில் இருப்பவன் கண்ணுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம்வரை தெரியும். மணிக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் பாய்த்தோணிக்கு அது கிட்டத்தட்ட மூன்று மணி நேர முன்னறிவிப்பு. கல்வெட்டு பங்கு பிரித்துக் கொடுத்தது, வெளிச்சவீடு நேரம் கொடுத்தது. விளக்குகள் எல்லாம் ஒரேமாதிரி எரிந்தால் எந்தக் கரை என்று தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி மினுக்கு முறை வைத்தார்கள். மாலுமி மினுக்குகளுக்கு இடையிலான நொடிகளை எண்ணி இடத்தைப் பிடிப்பான்.

தரையில் இதே சிக்கலைப் புகையிரதமும் சந்தித்தது. ஓடும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சாரதி சிவப்பைக் காணும் இடத்தில் பிரேக் போட்டால் வண்டி அபாயச் சமிக்ஞையைத் தாண்டித்தான் நிற்கும். இந்திய ரயில்வேயில் நிலையத்தின் முதல் நிறுத்தச் சமிக்ஞைக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்பே மஞ்சளும் கறுப்புமான எச்சரிக்கைப் பலகை நிற்கும். வடஇந்தியப் பனிமூட்டக் காலத்தில் பலகையும் மறைந்துவிடும் என்பதால் அந்த இடத்தில் தண்டவாளத்துக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடும் போடுவார்கள். பலகை சாரதியை நிற்கச் சொல்வதில்லை. நிற்க வேண்டிய இடம் வருகிறது என்று மட்டும் சொல்லும். வெளிச்சவீடு செய்வதும் அதையேதான்.

கரையை நெருங்கிய பின் வாய்க்காலுக்குள் வேறு குறிகள் வேண்டும். 1980இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட மிதவை முறையில் இலங்கை ‘ஏ’ வலயத்தைச் சேர்ந்தது. துறைக்குள் வரும்போது சிவப்பு இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம். அமெரிக்கக் கரைகளில் இது தலைகீழ். சிறு வள்ளக்காரர் இந்த விதிகளை எதிர்பார்த்து நின்றதில்லை. பண்ணைத் தாம்போதியில் போகிறவர்கள் இருபுறமும் பார்க்கலாம்: கடல்நீரேரியில் வலை கட்ட ஊன்றிய கம்புகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் இடைவெளியில்தான் வள்ளம் வளைந்து போகும். கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை வைத்தே தண்ணீரின் மட்டத்தைக் கணிக்கலாம். ஐயம் வந்தால் மரக்கோலை அடியில் ஊன்றிப் பார்ப்பார்கள்.

உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் வடக்கில் இரவுக் கடற்பயணம் தடைப்பட்டது. விளக்கை ஏற்றி வைக்க ஆளும் இல்லை, பார்த்து ஓட்ட வள்ளமும் இல்லை என்ற காலம் அது. தாம்போதிகள் வேலணையையும் புங்குடுதீவையும் காரைநகரையும் தரையோடு இணைத்துவிட்டபின், கடலை நம்பியிருப்பவை நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவையே. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஓடுகிறது. குறிகட்டுவானில் இருந்து புறப்படும் படகு நயினாதீவு அம்மன் கோபுரத்தை நேரே பார்த்து ஓடும். அந்தக் கோபுரத்தடியில்தான், படகு கட்டும் துறையில் இருந்து நடக்கும் தூரத்தில், பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறது.