படுத்திருப்பவருக்காக வரைந்த அறை

அலுவலக உள்ளமைப்பின் வரலாறு பெரும்பாலும் மேஜை, நாற்காலி, தடுப்புப் பலகை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எஃகு மேஜை எப்போது வந்தது, உள்சுவர்கள் எப்போது இடிந்தன, தடுப்புகள் சூழ்ந்த கியூபிக்கிள் எப்போது எழுந்தது என்று அது வரிசையாகப் போகும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு தாளும் அதன்மேல் பென்சிலோடு குனிந்திருந்த ஒருவரும் இருந்ததை அந்த வரலாறு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பவர்போல அவர் வரைந்தாரா, உள்ளே நாள் முழுக்க இருக்கப் போகிறவரின் கண்மட்டத்தில் இறங்கி வரைந்தாரா? ஓர் அறை மனதுக்கு இதமாக அமைவதை நிறத்தையும் பொருளையும்விட இந்தத் தேர்வுதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் லார்கின் சோப்பு நிறுவனத்துக்காக ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த நிர்வாகக் கட்டடம் 1906-இல் முடிந்தது. அஞ்சலில் வந்து குவியும் ஆர்டர்களைப் பிரித்துப் பதிவு செய்வதுதான் அங்கே வேலை. பக்கத்து ரயில் பாதைகளின் புகை உள்ளே வராதபடி ஜன்னல்களை அடைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தினார்கள். நடுவே உயர்ந்த முற்றம், மேலிருந்து இறங்கும் வெளிச்சம், சுற்றிலும் மாடங்கள். அக்காலத் தொழிற்கூடங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ரைட் வடிவமைத்த இருக்கைகளில் ஒரு வகை, மேஜையோடு கீல் போட்டுப் பிணைத்தது. வேலை முடிந்ததும் உள்ளே மடக்கிவிட்டால் தரை துடைக்கலாம். கூடம் வரிசை குலையாமல் இருக்கும். மாடத்திலிருந்து பார்ப்பவருக்கு அது அழகு. நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளிச் சாய நினைத்த எழுத்தருக்கோ அது ஒரு கட்டு. ரசீன் நகரில் ஜான்சன் மெழுகு நிறுவனத்துக்கு அவரே கட்டி 1939-இல் திறக்கப்பட்ட கூடத்தின் காளான் போன்ற தூண்களும், கண்ணாடிக் குழாய்களின் ஊடே கசியும் ஒளியும் இன்றும் வியக்க வைப்பவை. அங்கே வைத்த மூன்று கால் நாற்காலி, ஒழுங்காக உட்காராதவரைக் கவிழ்த்துவிடும்!

இதே காலத்தில் பின்லாந்தில் வேறொரு பென்சில் வேறு விதமாக ஓடியது. பைமியோ காசநோய் மருத்துவமனைக்கான போட்டியில் 1929-இல் வென்ற ஆல்வார் ஆல்டோ, மனைவி ஐனோவோடு சேர்ந்து அதை 1933-இல் முடித்தார். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. காற்று, வெயில், ஓய்வு இவைதான் சிகிச்சை என்பதால் கட்டடமே மருந்தாக வேண்டியிருந்தது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் சானடோரியம் தொடங்கியதும் அதே நம்பிக்கையில்தான். ஆல்டோவின் பங்களிப்பு என்னவென்றால், வழக்கமான அறை நிற்பவருக்கும் உட்காருபவருக்கும் வரையப்படுவது, நோயாளியோ வாரக்கணக்கில் படுத்திருப்பவர் என்பதை வடிவமைப்பின் முதல் விதியாக்கியது. தலையணையிலிருந்து பார்த்தால் அறையின் முக்கியமான சுவர் எது? கூரை. அதனால் கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த நிறம் கொடுத்தார். விளக்கு நேராகக் கண்ணில் விழாத இடத்துக்கு நகர்ந்தது. வெப்பம் கூரைப் பலகையிலிருந்து தலைமேல் படாமல் கால் பக்கம் இறங்கியது. இருவர் தங்கும் அறையில் ஒருவர் கை கழுவும் சத்தம் மற்றவரின் உறக்கத்தைக் கலைக்கக்கூடாது என்று, தண்ணீர் சாய்வாக விழும் தொட்டியைச் செய்வித்தார். இவற்றில் ஒன்றுகூட மேலிருந்து பார்த்து வரையும் தரைப்படத்தில் தெரியாது. கட்டிலையும் அதில் கிடப்பவரையும் பக்கவாட்டில் வைத்து, ஒளியும் வெப்பமும் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கோடு போட்டால்தான் தெரியும். அரை நூற்றாண்டு கழித்து, 1984-இல், அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் அல்ரிச் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை ஒப்பிட்டார். பித்தப்பை அறுவை முடிந்து மரங்கள் தெரியும் ஜன்னலருகே இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதும், அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டதும் அதில் தெரிந்தன. படுக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்ற ஆல்டோவின் கேள்விதான் அங்கே அளந்து பார்க்கப்பட்டது.

மருத்துவமனையை அலுவலகத்தோடு ஒப்பிடலாமா, ஒன்றில் ஓய்வு, மற்றதில் வேலையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை நெதர்லாந்தின் அபெல்டோர்ன் நகரில் 1972-இல் முடிந்த சென்ட்ரால் பெஹேர் என்ற காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறது. சுமார் 1,000 பேருக்கான அக்கட்டடத்தை ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் ஒரே கூடமாக விரிக்காமல், சிறு குழுக்கள் கூடி உட்காரும் அளவுள்ள சதுர மேடைகளாகப் பிரித்தார். சுவர்களை வேண்டுமென்றே பூச்சில்லாமல் விட்டார், மிச்சத்தை ஊழியர்களே முடித்துக்கொள்ளட்டும் என்று. அவர்களும் செடி, படம், வீட்டுச் சாமான் என்று கொண்டுவந்து நிரப்பினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னர் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் அலுவலக நிலக்காட்சி என்ற பெயரில் பரப்பிய முறையோ நேர் எதிர். யாரிடமிருந்து யாருக்குத் தாள் போகிறது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்த ஓட்டத்தின்படி மேஜைகளைச் சுவரில்லாத பெருங்கூடத்தில் சிதறவிட்டார்கள். காகிதத்தில் அது தோட்டம்போல அழகாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது இரைச்சலும் முதுகுக்குப் பின்னால் நடமாட்டமும். 1970-களில் வட ஐரோப்பிய ஊழியர்கள் எதிர்க்கவே, அங்கே தனியறைகள் மறுபடி எழுந்தன.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ராபர்ட் ப்ராப்ஸ்ட். ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த அவர், வேலை செய்பவரின் உடலையும் பழக்கத்தையும் கவனித்தே தொடங்கினார். உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்ய வேண்டும், முடிக்காத வேலை கண்ணில் பட வேண்டும் என்றார். ஜார்ஜ் நெல்சன் உருவம் கொடுத்து 1964-இல் வந்த ஆக்‌ஷன் ஆபீஸ் என்ற அறைகலன் தொகுதி விலை அதிகம் என்பதால் அதிகம் விற்கவில்லை. 1968-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் நகர்த்தக்கூடிய தடுப்புகள் இருந்தன, 120 பாகைக் கோணத்தில் விரிந்து திறந்தபடி. அதுதானே கியூபிக்கிளாக மாறியது? ஆம். ஆனால் அதை மாற்றியது ப்ராப்ஸ்ட் அல்ல. வாங்கிய நிறுவனங்கள் சதுர அடிக் கணக்கோடு தரைப்படத்தின்மேல் குனிந்தன. 120 பாகை இடத்தைத் தின்கிறது, 90 பாகையில் அதே தளத்தில் இன்னும் பலரை அடைக்கலாம். பிற்காலத்தில் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று அவரே கண்டித்தார். உள்ளிருந்து பிறந்த ஒரு யோசனைகூட, கடைசிக் கையெழுத்து மேலிருந்து பார்ப்பவருடையது என்றால் பிழைக்காது. பின்னர் நிறுவனங்கள் தடுப்புகளையும் எடுத்துவிட்டு எல்லாரும் பேசிப் பழகட்டும் என்றன. ஈத்தன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, திறந்த கூடத்துக்கு மாறிய இரு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்ததையும் மின்னஞ்சல் பெருகியதையும் காட்டியது.

தரைப்படமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கம்பியும் குழாயும் தீ விபத்தில் வெளியேறும் வழியும் அதில்தான் முடிவாக வேண்டும். கணினியில் எந்தக் கோணத்திலும் அறையைச் சுழற்றிக் காட்டலாமே, கையால் எதற்கு வரைவது என்பாரும் உண்டு. காட்டலாம். ஆனால் பெரும்பாலும் காட்டப்படுவது வாசலில் நிற்கும் விருந்தாளியின் பார்வை, அகலமான லென்ஸில். மூலை மேஜையில் எட்டு மணி நேரம் இருப்பவரின் முகத்துக்கு நேரே என்ன வரும், ஏ.சி. காற்று எங்கே இறங்கும், தோளுக்குப் பின்னால் யார் நடப்பார்கள் என்பதை அந்தப் படம் சொல்லாது. உள்ளமைப்பு பயிலும் மாணவர் தினமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து தெரிவதை மட்டும் கைப்பட வரைந்து பழகுவது அதனால்தான் வீண் பயிற்சி அல்ல. உங்கள் அலுவலகத்தை மாற்றியமைக்கப் போகிறோம் என்று யாராவது வண்ணப்படம் நீட்டினால், என் இருக்கையிலிருந்து ஒன்று வரைந்து கொடுங்கள் என்று கேளுங்கள்.