கெப்போங் காடு: ஈய நிலத்தில் எழுந்த ஒரு வனத்தின் வரலாறு

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, சிலாங்கூர் மாநிலத்தின் கெப்போங்கில் அமைந்துள்ள மலேசிய வன ஆய்வு நிலையத்தின் காட்டுப் பூங்காவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அச்செய்தியில் நாம் ஊன்றி நோக்கத்தக்க ஒரு கூறு உண்டு. அக்காடு சேர்க்கப்பட்டது இயற்கை மரபு என்னும் பிரிவில் அன்று. பண்பாட்டு மரபு என்னும் பிரிவில். கோயில்களும் கோட்டைகளும் இடம்பெறும் வரிசையில் ஒரு மழைக்காடு இடம்பெற்றது, அது மனிதர் கையால் ஆக்கப்பட்டது என்பதனாலேயாம். அக்காடு எவ்வாறு ஆக்கப்பட்டது, எந்நோக்கத்துக்காக ஆக்கப்பட்டது, அதனை 'மீட்பு' என்று அழைப்பது எவ்வளவு பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தின் வழி நாம் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் மேற்குக் கரைச் சமவெளிகள் அடைந்த மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. இவண் நிலத்தைத் திரித்தது வெயிலன்று, ஈயம். நம்மவர் பேச்சில் 'லம்பம்' என வழங்கும் ஈயச் சுரங்கத்தின் தொழில்முறை, மண்ணைத் தோண்டி நீர்பாய்ச்சிக் கழுவுவதாகும். கனமான ஈயத்தாது அடியில் தங்க, ஏனையவை நீரோடு வெளியேறும். வெளியேறியது படிகையில் பருமணல் ஓரிடத்திலும் நுண்சேறு வேறோரிடத்திலுமாகப் பிரிந்து படியும். மணல்மேடு நீரைத் தாங்காது. சேற்றுப்படுகை நீரை வடியவிடாது. இரண்டும் கலந்திருந்தபோது மண்ணாக இருந்தது, பிரிந்தபின் மண்ணாக இல்லாமற் போயிற்று. மேல்மண்ணின் மக்கும், அதில் வாழ்ந்த நுண்ணுயிர்களும் முதற் கழுவலிலேயே போய்விடும்.

கழுவிய சேறு அவ்விடத்தோடு நின்றதுமில்லை. உலு சிலாங்கூரில் ஆற்றுப்படுகை மேடாகி, வெள்ளம் மீண்டும் மீண்டும் புகுந்ததனால், பழைய கோல குபு நகரைக் கைவிட்டு 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோல குபு பாரு என்னும் புதிய நகருக்கு மக்கள் பெயர்ந்தனர். இரப்பர்த் தோட்டங்களும் இதில் பங்கு வகித்தன. தொடக்க காலத் தோட்டத் துரைமார், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் நில்லாதவாறு தரையை வெறுமையாக வைத்திருக்க வேண்டுமென வற்புறுத்தினர். அப்புல்லை வெட்டியவர்கள் பெரும்பாலும் நம் முன்னோர். வெட்டிய தரையில் மழை இறங்கி மேல்மண்ணை அரித்துச் சென்றது. தோட்டத் தமிழரின் வரலாற்றைக் கூலி, குடிபெயர்வு, சங்கம் என்னும் தலைப்புகளில் எழுதிவரும் நாம், அவர்கள் உழைப்பு அந்நிலத்தின் மண்ணுக்கு என்ன செய்தது என்பதை இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்றே தோன்றுகிறது.

1926ஆம் ஆண்டில், தலைமை வனக் காப்பாளராக இருந்த கியூபிட், வன ஆய்வுக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவுமாறு பாக்ஸ்வொர்தி என்பவரைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்கரான பாக்ஸ்வொர்தி, பிலிப்பைன்சில் பணியாற்றிய பட்டறிவோடு மலாயாவுக்கு வந்தவர். கெப்போங்கைத் தெரிவு செய்தவர் அவரே. கைவிடப்பட்ட லம்பக் குட்டைகளும் காய்கறித் தோட்டங்களும் புதர்களுமாக அவ்விடம் கிடந்தது. செங்குத்தான சரிவுகளில் மட்டும் பழங்காட்டு மரங்கள் சில எஞ்சியிருந்தன. நல்ல காடு தாராளமாகக் கிடைத்த அக்காலத்தில் இத்தகைய நிலத்தை ஒருவர் தேர்ந்தெடுத்தமை வியப்புக்குரியது. ஆயினும் அதனை இன்றைய சூழலியல் உணர்வோடு இணைத்துப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1929இல் நிறுவப்பெற்ற அந்நிலையத்தின் நோக்கம் வெட்டுமரமே. எம்மரம் எவ்வளவு விரைவில் வளரும், எந்த இடைவெளியில் நட்டால் நேராக ஓங்கும், எத்தனை ஆண்டில் அறுவைக்கு ஆகும் என்பனவே அன்றைய வினாக்கள். வெட்டுவதற்காக நட்டு, அளப்பதற்காக வெட்டாமல் விட்டதன் விளைவே கெப்போங் காடு என்று கூறலாம்.

நட்ட முறையை அறிந்தால்தான் அப்பணியின் அருமை விளங்கும். காடழிந்த நிலத்தை முதலில் பற்றுவது லாலான் புல். அது எளிதில் தீப்பற்றும். எரிந்த பின்னரும் நிலத்தடித் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தீ மற்ற நாற்றுகளைக் கொல்ல, தான் மட்டும் பெருகும். அதனை வெல்லும் வழி நிழல் ஒன்றே. ஆனால் நிழல் தர மரம் வேண்டும்; மரம் வளரப் புல் அகல வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்க, விரைந்து வளரும் துணை மரங்களையோ தானே முளைத்த புதர்க்காட்டையோ முதலில் நிழலாகக் கொண்டு, அதனடியில் பெருமரங்களின் நாற்றுகளை நடுவது மலாயாவில் வன அலுவலர்கள் கையாண்ட முறையாகும். நாற்று வேர்கொண்டபின் மேல்நிழலைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். முன்கூட்டிக் குறைத்தால் நாற்று வாடும். பிந்தினால் நெட்டையாகிச் சாயும்.

பெருமரங்கள் எனப்படுபவை பெரும்பாலும் டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்த சிறகுக்கனி மரங்கள். நமக்கு இலக்கியத்தில் அறிமுகமான சாலமும் குங்கிலியமும் இக்குடும்பத்தினவே. மெராந்தி, செங்கால், காப்பூர் ஆகியவை இந்நாட்டு உறவினர். இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை காடு முழுவதும் ஒருங்கே பூத்துக் காய்க்கும். விழுந்த விதை சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும். நெல்லைப்போல் குதிரில் சேமித்து வைக்க இயலாது. மேலும், இம்மரங்களின் வேர்கள் சில பூஞ்சைகளோடு கூடி வாழ்வன. கழுவிய மணலில் அப்பூஞ்சைகள் இருப்பதில்லை. ஆகவே தாய்மரமும் தாய்மண்ணும் அருகிலிருப்பது பெரும் வாய்ப்பாகும். கெப்போங்குக்கு அவ்வாய்ப்பு இருந்தது. நிலையத்தை ஒட்டி புக்கிட் லாகோங் காப்புக்காடு நின்றது. விதையும் பறவையும் பூச்சியும் அக்காட்டிலிருந்து இறங்கி வரக்கூடிய தொலைவில்தான் நட்ட நிலம் இருந்தது. இதனைப் பலர் குறிப்பிடாமல் கடந்துவிடுகின்றனர். எம் கருத்தில் இக்கதையின் தலைமைக் கூறு இதுவே.

காப்பூர் மரத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பதைத் தமிழாய்வாளர் பொறுத்தருள்வர். அம்மரத்தின் தண்டுப் பிளவுகளில் படியும் வெண்படிகமே பழங்காலக் கடல்வணிகத்தில் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்ட கற்பூரம். இன்று நாம் ஆலயங்களில் ஏற்றும் கட்டிக் கற்பூரம் வேறு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் கற்பூர வகைகளுள் 'வாரோசு' ஒன்று. அது சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகத்தின் பெயர். அங்கு லோபு துவா என்னுமிடத்தில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டை நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் ஆராய்ந்து வெளியிட்டார். தமிழ் வணிகர் கடல் கடந்து தேடிய அந்த மரம் கெப்போங்கில் வரிசை வரிசையாக நடப்பெற்று, இன்று உச்சியில் ஒன்றையொன்று தொடாமல் நிற்கிறது. கீழிருந்து நோக்குவார்க்கு முகடுகளுக்கிடையே வானம் ஆற்று வலைபோல் தெரியும். இதனை 1977இல் ஆராய்ந்த பிரான்சிஸ் இங், அண்டை மரத்தின் நிழலை உணர்ந்து தளிர்நுனிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன எனக் கருதினார். ஒரே வயதுடைய மரங்கள் நெருங்கி நிற்பதால் இக்காட்சி இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. அஃதாவது, இது நட்ட காடு என்பதற்கு வானமே சான்று பகர்கிறது.

அந்நிலையத்தில் பணிபுரிந்த சைமிங்டன் எழுதிய சிறகுக்கனி மரங்கள் பற்றிய கையேடு 1943 என்னும் ஆண்டைத் தாங்கியது; அதனை மலாயாப் பல்கலைக்கழக அச்சகம் 1974இல் மறுபதிப்புச் செய்தது. எந்த மரம் எது என்று அறியாமல் எதையும் மீட்க இயலாது என்பதால், நட்டவர்களின் பணிக்கு இணையாக இந்நூலையும் வைத்தெண்ணுகிறோம்.

பொறுமையின்றி நட்ட வரலாறும் இந்நாட்டுக்கு உண்டு. 1982இல் தொடங்கிய ஈடுசெய் காடு வளர்ப்புத் திட்டம், ஆஸ்திரேலியப் பகுதியிலிருந்து வந்த அக்கேசியா மாங்கியம் என்னும் விரைவு மரத்தைப் பெரிதும் நம்பியது. மரத்தின் நடுத்தண்டு உள்ளேயே அழுகும் நோய் பரவக் காணப்பட்டதால் 1992இல் நடவு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே பத்தாண்டில், பேராக் மாநிலத்தின் பீடோரில், லம்ப மணலையே ஆய்வுக்களமாகக் கொண்டு வன ஆய்வு நிலையம் நடவைத் தொடங்கியது. மேடுகளைத் தாழ்த்தி நீர்மட்டத்துக்கு அருகில் கொணர்தல், பெருங்குழி தோண்டிச் சேற்றுமண்ணும் எருவும் இடுதல் போன்ற முறைகளால் மரங்கள் அங்கும் நின்றன. செலவு பெரிது. தீபகற்பத்தில் ஈயம் விட்டுச்சென்ற பாழ்நிலம் ஒரு இலட்சம் ஹெக்டருக்கு மேல் எனக் கணக்கிட்டிருந்தனர் என்பதை நினைத்தால், பீடோரின் பரப்பு ஒரு கைப்பிடியே.

இனி, கெப்போங்கை மீட்பு என்னலாமா என்னும் வினாவுக்கு வருவோம். மண் மீண்டது, இலைச்சருகு மக்கி மேல்மண் ஆயிற்று, நடாத செடிகளும் நடாத உயிர்களும் குடியேறின. யானையும் புலியும் திரும்பவில்லை. நகரம் சூழ்ந்துவிட்ட இடத்துக்கு அவை திரும்பப் போவதுமில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடையறாத காவலும், ஒரு நிறுவனத்தின் முழுநேர உழைப்பும், அருகில் அழியாது நின்ற பழங்காடும் சேர்ந்து தந்த பயன் இவ்வளவு. 2009இலும் 2012இலும் கிடைத்த தேசிய மரபுத் தகுதி இதற்குச் சட்டக் காப்பையும் தந்தது.

ஆகவே, அழித்ததை நட்டு ஈடுசெய்யலாம் என்னும் வாதத்துக்குக் கெப்போங்கைச் சான்றாகக் காட்டுவோர் கதையைத் தலைகீழாகப் படிக்கின்றனர். அவ்வாதம் கற்பனையன்று. இதே சிலாங்கூரில், கோல லங்காட் வட காப்புக்காட்டில் ஏறத்தாழ 536 ஹெக்டர் கரிச்சதுப்பு நிலத்தின் காப்புத் தகுதி நீக்கப்பட்டமை 2021 ஆகஸ்டு இறுதியில் தெரியவந்தபோது, மாற்றாக வேறு நிலங்கள் காடாக அறிவிக்கப்படும் என்பதே தரப்பட்ட விடை. தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்த்தனர். செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கரிமண்ணை ஈடுசெய்யக் கெப்போங்கின் கணக்கில் எத்தனை தலைமுறை ஆகும் என்பதை எவரும் அப்போது கூறவில்லை.

பள்ளிகளிலிருந்து கெப்போங்குக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் காப்பூர் முகட்டைக் காட்டிப் படமெடுத்துத் திரும்புவது வழக்கம். ஒருமுறை அவர்களைப் புக்கிட் லாகோங் சரிவு தெரியும் இடத்திலும் நிறுத்தி, நட்ட மரம் எது, நின்ற மரம் எது என்று கேட்டுப் பார்க்கலாம்.