நல்லூரிலிருந்து கோட்டைவரை

மதுரையையும் தஞ்சையையும் கண்டு பழகிய ஒருவர் முதன்முறையாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவாராயின், சிறிது ஏமாற்றம் அடைதல் கூடும். ஆரியச்சக்கரவர்த்திகள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அரசு புரிந்த நாடு இது. எனினும் அவர்கள் எடுப்பித்த கோபுரமோ மாளிகையோ முழு உருவத்தோடு இன்று யாண்டும் நிற்கவில்லை. அங்ஙனமாயின் இந்நாட்டின் சரித்திரத்தை எங்கே தேடுவது?

நல்லூரில் தொடங்குவோம். அரசர் காலத்து நகரின் நாற்றிசையிலும் நான்கு கோயில்கள் காவலாக நின்றன என்பது மரபு. வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளியம்மன். பழைய கட்டடங்கள் அழிந்தபோதிலும், இக்கோயில்கள் மீண்டும் எழுந்து அப்பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. ஆதலின் மறைந்துபோன தலைநகரின் எல்லையை இன்றும் ஒருவர் காலால் நடந்து அளந்தறியலாம். ‘ப’ என்னும் எழுத்தின் வடிவில் அமைந்த யமுனா ஏரியும் அண்மையிலேயே உள்ளது. சங்கிலியன் தோப்பில் தனித்து நிற்கும் வளைவு வாயிலை அரண்மனை வாயில் என்று மக்கள் போற்றுவர். ஆயினும் அதன் கட்டடப் பாணியில் ஐரோப்பியர் செல்வாக்குத் தெளிவாகத் தெரிகின்றது. மரபுச் செய்தியையும் கண்ணாற் காண்பதையும் ஒப்புநோக்கி உண்மை காணும் பயிற்சியை இவ்வாயிலிலேயே தொடங்கலாம்.

1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். இறுதி மன்னனாகிய சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளானான். 1621இல் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சியும் நல்லூரை விட்டு நீங்கிக் கடனீரேரிக் கரைக்குச் சென்றது. அங்கே எழுந்த கோட்டைக்குக் கோயிற் கற்களே பயன்பட்டன என்று கூறுவர். இன்று நாம் தரிசிக்கும் நல்லூர்க் கோயில், ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1734ஆம் ஆண்டில், வேறிடத்தில் நிறுவப்பெற்றது.

இனிக் கோட்டையைக் காண்போம். 1658இல் அதனைப் பிடித்த ஒல்லாந்தர், நாற்கோணமாயிருந்ததை ஐங்கோணமாக மாற்றி, முருகைக் கற்களால் பெருமதில் எழுப்பினர். புற அரண்கள் 1792இல் நிறைவெய்தின. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1795இல், ஒரு குண்டுதானும் வெடியாமல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று! நூற்றாண்டுக்கால உழைப்பின் பயன் இவ்வளவே. கோட்டைக்குள் 1706இல் கட்டப்பெற்ற ஒல்லாந்தர் தேவாலயம் பிற்காலத்து உள்நாட்டுப் போரில், 1990ஆம் ஆண்டு முற்றுகையின்போது, அழிவுற்றது. போர் ஓய்ந்தபின் ஒல்லாந்து நாட்டின் துணையோடு மதில்கள் திருத்தப்பெற்றன.

கோட்டையை அடுத்த முற்றவெளியைக் கடந்தால் பொதுசன நூலகத்தின் வெண்ணிற மாடம் தோன்றும். சென்னைச் சிற்பக்கலைஞர் நரசிம்மன் வரைந்த அமைப்பின்படி எழுந்த இக்கட்டடம் 1959இல் திறக்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் பழைய வடிவிலேயே மீள அமைக்கப்பட்டு 2003இல் மறுபடியும் திறக்கப்பட்டது. மாடத்தைக் கட்டுதல் இயன்றது. எரிந்த சுவடியை மீட்டும் எழுதுவார் யாருமிலர்.

சரித்திரம் அரசர் காலத்தோடு தொடங்கவுமில்லை. சுன்னாகத்துக்கு அண்மையில் கந்தரோடையில், பனைகளுக்கிடையே, சிறு சிறு பௌத்த தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் என்னும் அறிஞர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்து அவ்விடத்தின் தொன்மையை உலகுக்கு அறிவித்தார். இத்தூபிகள் எவருக்கு உரியவை என்று வழக்காடுவோர் பலர். ஆனால் இம்மண்ணில் பல சமயங்கள் வாழ்ந்தன என்பதற்கு அவை சான்று. அச்சான்றைக் காப்பது அனைவர்க்கும் பொதுவான கடமையாகும்.

ஆகவே இங்கு வருவோர் கட்டடத்தின் உயரத்தை மட்டும் நோக்கித் திரும்புதல் தகாது. எது பழையது, எது பின்னர் எழுந்தது, எது இடிந்து மீண்டது என்று ஒவ்வோரிடத்திலும் வினவுதல் வேண்டும். நல்லூரிலிருந்து கோட்டைவரை உள்ள வழி ஒருமணி நேர நடைக்குள் அடங்கும். பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு அவ்வழியை ஒருமுறை நடந்து காட்டும் பெற்றோர், பாடநூல் பல பக்கங்களிற் சொல்ல முயல்வதை ஒரு காலைப் பொழுதிற் சொல்லிவிடுவர்.