நீலப்புகையைப் படித்தல்: கம்பம் பள்ளத்தாக்கும் ஆயில் குடிக்கும் எஞ்சினும்

சாலைகளின் வரலாறு நம்மிடம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கணவாய் எப்போது திறந்தது, யார் வெட்டினார்கள், எவ்வளவு செலவாயிற்று என்பவை அரசாங்கக் குறிப்பேடுகளில் இருக்கின்றன. அச்சாலைகளில் ஏறி இறங்கித் தேய்ந்துபோன எஞ்சின்களின் வரலாற்றைத்தான் எவரும் எழுதிவைக்கவில்லை. தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் வண்டி ஓட்டியவர்களுக்கு நன்கு பழகிய வாசகம் ஒன்றுண்டு: “வண்டி ஆயில் குடிக்குது.” அந்த நோயின் கதையையும், அதைக் கண்டறியும் அறிவுக்கு இந்த மலைச்சாலைகள் செய்த உதவியையும், அவ்வறிவு இன்று வந்து நிற்கும் இடத்தையும் இங்கே தொகுத்துப் பார்க்கலாம்.

முதலில் நோயின் இயல்பு. எஞ்சினுக்குள் மேலே நெருப்பு, கீழே எண்ணெய். இரண்டுக்கும் நடுவே சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிறது பிஸ்டன். எண்ணெய் நெருப்பறைக்குள் புகாதபடி காக்கும் காவலர்கள் இருவர். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் கீழ்வாசலைக் காக்கின்றன. வால்வுத் தண்டுகள் ஓடும் கைடுகளும் அவற்றின் சீல்களும் மேல்வாசலைக் காக்கின்றன. இவற்றுள் எது தளர்ந்தாலும் எண்ணெய் உள்ளே புகுந்து எரியும். சைலன்சர் வழியே நீலப்புகை வரும். கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி. ஓயாத வெண்புகை என்றால் பெரும்பாலும் நீர் உள்ளே கசிகிறது. நீலம் எண்ணெயின் நிறம்.

இந்தக் காவலர்களுக்கும் வரலாறு உண்டு. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினை வடிவமைத்தபோது அவரை நெடுங்காலம் வாட்டிய சிக்கல், உருளையான சிலிண்டர் கிடைக்காமைதான். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான சந்து வழியே நீராவி வீணாயிற்று. பீரங்கி குடைவதற்கென ஜான் வில்கின்சன் 1774இல் உருவாக்கிய உத்தியும், அதையொட்டி அவர் சிலிண்டர்களுக்கென அமைத்த குடைபொறியும் அச்சிக்கலைத் தீர்த்தன. இருப்பினும் சணலையும் கொழுப்பையும் அடைத்துத்தான் பிஸ்டனின் சந்தை மூட வேண்டியிருந்தது. 1852இல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் ரயில் பொறியாளர், ஓரிடத்தில் வெட்டுப்பட்ட உலோக வளையத்தைப் பிஸ்டனில் பொருத்தினார். தானாக விரிந்து சுவரோடு ஒட்டி நிற்கும் அந்த வளையத்தின் வழிவந்தவைதான் இன்றைய பிஸ்டன் ரிங்குகள். தேனியிலோ மதுரையிலோ லேத் பட்டறையில் சிலிண்டருக்கு ‘போர்’ போடும் தொழிலாளி, தாம் அறியாமலே 250 ஆண்டுக்கால மரபொன்றைத் தொடர்கிறார்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றபோது கூடலூர் வழியே மலையேறிய சுமைகளை இழுத்தவை பெரும்பாலும் மாடுகள். மூணாறு மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1928இல் மதுரை–போடி ரயில்பாதை திறந்தது. இதற்கிடையில் மோட்டார் வண்டியும் வந்துவிட்டது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துகளை ஓட்டியது. அக்காலத்தில் இப்பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் அரிதானது. அடுப்புக்கரியை எரித்து அந்த வாயுவில் பேருந்தை ஓட்டும் கலத்தை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்து விற்றது. கரி பஸ் என்று முதியோர் நினைவுகூர்வது இதையே. கரிவாயுவோடு நுண்ணிய சாம்பலும் கலந்து வருவது இயல்பு. வடிகட்டி சரியில்லாவிட்டால் அச்சாம்பல் அரத்தூள்போல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும். எரிபொருள் பஞ்சத்துக்குக் கண்ட தீர்வு தேய்மானம் என்னும் மற்றொரு நோய்க்கு வாசல் திறந்தது. மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பதும் ஓட்டுவதைப் போன்றே பெருந்தொழில் என்பதைப் போர்க்காலம் உணர்த்தியது.

விடுதலைக்குப் பின் இரண்டு வண்டிகள் இம்மலைச்சாலைகளை ஆண்டன. ஒன்று ஜீப். 1947 முதல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்றது. 1979இல் பிரான்சின் பெஷோ நிறுவனத்திடம் டீசல் எஞ்சின் தயாரிக்க உரிமம் பெற்றது. மற்றொன்று அம்பாசடர், 1489 சி.சி. எஞ்சினோடு பல்லாண்டுகள் ஓடி, 2014இல் உற்பத்தி நின்ற வண்டி. இவ்வண்டிகளை உயிரோடு வைத்திருக்க உதிரிபாகம் வேண்டுமல்லவா? 1949இல் சென்னை செம்பியத்தில் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகள் அதற்கு வழிசெய்தன. கடல்கடந்து வரும் பிஸ்டனுக்காகக் காத்திருந்த காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

ஜீப்புக்கும் இப்பள்ளத்தாக்குக்கும் உள்ள உறவு தனித்தது. ஏலத்தோட்டங்கள் மேலே இடுக்கி மலையில். வேலையாட்கள் கீழே கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களில். விடியலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுச் சாலைகளில் ஏறும் ஜீப்புகள் மாலையில் அவர்களை இறக்கிக் கொண்டுவருகின்றன. கொள்ளளவுக்கு மேற்பட்ட ஆட்கள், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நீண்ட ஏற்றம், பிறகு அதே அளவு இறக்கம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காற்றைப் போல் கணவாய்களின் வழி இறங்கும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுவதோடு செம்மண் புழுதியையும் கிளப்பும். ஏர் கிளீனரைக் கவனிக்காத வண்டியில் அப்புழுதி நேராகச் சிலிண்டருக்குள் போகும். சுமை, வெப்பம், புழுதி மூன்றும் சேர்ந்தால் ரிங் தேயாமல் என்ன செய்யும்?

நோயைத் தந்த இதே மலைதான் நோயைக் கண்டறியும் கருவியாகவும் அமைந்தது. சமவெளியில் ஓடும் வண்டி எண்ணெய் குடித்தால், குற்றவாளி ரிங்கா வால்வா என்று பிரித்தறிவது கடினம். மலைச்சாலை பிரித்துக் காட்டிவிடும். ஏற்றத்தில், சுமையோடு எஞ்சின் திணறும்போது விடாமல் நீலப்புகை வந்தால் ஐயம் ரிங்கின் மேலும் சிலிண்டரின் மேலும் விழும். இறக்கத்தில் கதை வேறு. பெட்ரோல் வண்டி கியரில் இறங்கும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். காற்றுவழி மூடிக்கொள்கிறது, பிஸ்டன்களோ உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அந்த வெற்றிடம் தளர்ந்த வால்வு கைடுகளின் வழியே எண்ணெயை இழுக்கும். வளைவு முடிந்து மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் குபீரென நீலமேகம் எழும். சிறிது தூரத்தில் அடங்கிவிடும். இது வால்வின் குறி. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒருமுறை புகைத்துவிட்டு நின்றுவிடுவதும் வால்வு சீலின் குறியே. இரவில் சொட்டிய எண்ணெய் எரிந்து தீர்கிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றுவழியை மூடும் தகடு இல்லாததால் இறக்கத்தின் குறி அவ்வளவு துலங்காது. அங்கே பிரீதர் குழாயைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளினால், எரிவாயு ரிங்கைக் கடந்து கீழே இறங்குகிறது என்று பொருள்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் முறையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொல்கிறது. நல்ல பட்டறைகளின் முறையும் அதுவே. முதலில் எண்ணெய் எரிகிறதா, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி நின்ற தரையே அதைச் சொல்லிவிடும். அடுத்து அளவு. டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 500 கிலோமீட்டருக்குப் பின் எவ்வளவு குறைந்தது என்று அளக்க வேண்டும். 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டரை நெருங்கினால் கவலைக்குரியதென்பது நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு. அதன் பிறகே கம்ப்ரஷன் சோதனை. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் உயர்ந்தால் ரிங் தளர்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் விட்டுச் சோதிப்பது ஆபத்து. அழுத்தத்தில் அதுவே பற்றிக்கொள்ளக்கூடும்.

சிகிச்சையிலும் எளியதே முதலில் வர வேண்டும். அடைபட்ட பிரீதரைச் சுத்தம் செய்தல், உரிய தரத்து எண்ணெய் ஊற்றுதல், வால்வு சீல் மாற்றுதல், இவை எவற்றாலும் தீராதபோதுதான் எஞ்சினைப் பிரித்தல். சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதை அகலக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். பட்டறையில் ‘இருபது’, ‘நாற்பது’ என்பது அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கைக் கொண்டு எண்ணும் கணக்கு. இருபது என்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு குடைதலும் எஞ்சினுக்கு ஒரு மறுபிறவி. ஆனால் பிறவிகள் எண்ணப்பட்டவை. சுவர் மெலிந்தபின் ஸ்லீவ் இறக்குவதைத் தவிர வழியில்லை.

இந்த வரிசையில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது. ஒரு ஜீப்பே முழு முதலாக நிற்கும் வீட்டில், வால்வு சீலோடு முடிய வேண்டிய வேலையை ரிங் வேலை என்று சொல்லி எஞ்சினைப் பிரித்துவிட்டால், மறுபிறவிகளில் ஒன்று வீணாவதோடு கடனும் ஏறுகிறது. வண்டி நிற்கும் நாட்களில் கூலியும் நிற்கிறது. மாறாக, பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல் கெட்டி எண்ணெயை ஊற்றி ஓட்டிக்கொண்டே போனால், ஏதோ ஒரு வளைவில் எண்ணெய் வற்றிய எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மலைச்சாலையில் இறக்கத்தில் எஞ்சினும் ஒரு பிரேக் என்பதை மறந்துவிடலாகாது. டர்போ டீசல் வண்டிகளில் இன்னொரு பேராபத்தும் உண்டு. கசியும் எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் தறிகெட்டு ஓடக்கூடும். அப்போது பிரேக்கை அழுத்தியபடி உயர்ந்த கியரில் போட்டு எஞ்சினை அடக்குவதும், முடியாவிடில் விலகி நிற்பதுமே வழி.

எண்ணெய் எரிவது எல்லா எஞ்சினுக்கும் நோயன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். முதல் உலகப்போரின் சுழல் எஞ்சின் விமானங்கள் விளக்கெண்ணெயை உண்டு எரித்து வெளியே தள்ளியபடியே பறந்தன. 1909இல் காஸ்ட்ரால் என்ற பெயர் பிறந்ததும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 திராட்சைக் கூடைகளையும் புல்லுக்கட்டுகளையும் சுமந்து நம் வயல்வரப்புகளில் நீலப்புகையோடு ஓடியது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து எரிப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் இயல்பு. 2015இல் அவ்வரிசையிலும் ஃபோர் ஸ்ட்ரோக் வந்துவிட்டது. ஒன்றின் இயல்பு மற்றொன்றின் நோய். இதைப் பிரித்தறிவதே கண்டறிதலின் தொடக்கம்.

தமிழ் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று பட்டறையின் மொழி. ரிங், போர், சீல், பிரீதர் என்று பெயர்ச்சொற்கள் எல்லாம் கடன் வாங்கியவை. வினைகளோ நம்முடையவை. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, இழுக்க மறுக்கிறது, திணறுகிறது, பிடித்துக்கொள்கிறது. பொருளைப் பிறரிடமிருந்து பெற்றோம். அதன் நடத்தையை நம் உடலையும் நம் மாடுகளையும் கொண்டு அறிந்தோம். கலைச்சொல் அகராதிகள் பெயர்களுக்கு ஈடு தேடி அலைந்தபோது, நோயறியும் வினைகள் எவர் ஏட்டிலும் ஏறாமல் பட்டறைத் தரையிலேயே கிடந்தன.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. புதிய டீசல் வண்டிகளின் புகைவழியில் நுண்துகள் வடிகட்டி இருக்கிறது. பெட்ரோல் வண்டிகளில் வினையூக்கிக் கலம் இருக்கிறது. எரிந்த எண்ணெயின் சாம்பல் வடிகட்டியை அடைக்கும். எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் வினையூக்கியைக் கெடுக்கும். கேனில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஊற்றி ஊற்றி ஓட்டிய பழைய உபாயம் இனிச் செல்லாது. ஏலமலைக் காட்டுக்கும் அதன் கீழ் மூச்சுவிடும் நமக்கும் அது நல்லதே. எனினும் வடிகட்டி புகையை மறைப்பதால், கண்ணால் படித்த அறிகுறியும் மங்குகிறது. எஞ்சின் நோயுறுவது நின்றுவிடவில்லை. முகம் காட்டுவதைத்தான் குறைத்துக்கொண்டது. அளந்து குறித்துவைக்கும் பழக்கம் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

கொண்டை ஊசி வளைவில் எழும் நீலப்புகையைப் பார்த்து “இது வால்வு, ரிங் இல்லை” என்று சொல்லக்கூடியவர்கள் இப்பள்ளத்தாக்கின் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் முதியவர்கள். நம் ஊர்களின் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டும் மாணவர்கள் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அடுத்தபடியாக அப்பட்டறைகளின் வாசலுக்கும் ஒருமுறை போய்வரலாம். அங்கே கிடைப்பதும் இலக்கியத்துக்கு உறவான ஒரு கல்விதான்: குறிப்பறிதல்.