கண்ணாடிக்குள் ஒழுங்கே இல்லையா?

பளிங்கில் அணுக்கள் வரிசையாக இருக்கும், கண்ணாடியில் ஒழுங்கே கிடையாது. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் இப்படித்தான் படித்தோம், வகுப்பிலும் அப்படியே படிப்பித்தோம். அது பாதி உண்மைதான்.

1932இல் சக்கரியாசன் என்ற நோர்வே நாட்டு விஞ்ஞானி, சிக்காகோவில் இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். சிலிக்காக் கண்ணாடியிலும் ஒவ்வொரு சிலிக்கன் அணுவைச் சுற்றியும் நான்கு ஒட்சிசன் அணுக்கள் உண்டு, பளிங்கில் இருப்பது போலவே. ஆனால் பிணைப்புக் கோணங்கள் மாறுவதால், அந்த வலை ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வராது என்றார்.

ஒட்சிசனின் இடத்தில் கந்தகம் வந்தால்?

'அரிதாரம் பூசுவது' என்கிறோமே, அந்த மஞ்சள் அரிதாரம் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதே சேர்வையை உருக்கிக் குளிரவிட்டால் கண்ணாடியாகும். ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5 மைக்குரோமீற்றருக்கு மேற்பட்ட செங்கீழ்க் கதிர்களைத் தடுத்துவிடும். இந்தக் கண்ணாடியோ 12 வரை விடும் என 1950இல் ருடோல்ஃப் ஃபிரெரிக்ஸ் அறிவித்தார். பாரமான அணுக்களும் நலிந்த பிணைப்புகளும் மெதுவாக அதிர்வதே காரணம்.

இதற்குள் ஒவ்வொரு ஆசனிக்கும் மூன்று கந்தகத்தோடும், ஒவ்வொரு கந்தகமும் இரண்டு ஆசனிக்கோடும் பிணைந்திருக்கும். அரிதாரத்திலும் இதே கணக்குத்தான். அணுக்களின் அயல் மாறவில்லை, தூரத்து வரிசைதான் குலைந்தது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர்மாரே, டீச்சர்மாரே, 'ஒழுங்கில்லை' என்று இனிப் பாடத்தை முடிக்காதிருப்போம். 'கிட்ட ஒழுங்கு உண்டு, எட்ட இல்லை' என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.