தேரி: நெய்தலும் பாலையும் மயங்கிய செம்மணல் நிலம்

திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் நோக்கிச் செல்லும் சுற்றுலாப் பயணியர்க்கு இன்று காட்டப்பெறும் இடங்களுள் ஒன்று குதிரைமொழித் தேரி. ஏறத்தாழ 12,000 ஏக்கர் பரப்பில் சிவந்த மணல்மேடுகள் அலையலையாகக் கிடக்கும் இந்நிலத்தைத் 'தமிழகத்தின் பாலைவனம்' எனச் சுற்றுலாக் கையேடுகள் அறிமுகப்படுத்துகின்றன. திரைப்படக் குழுவினரும் இதனைப் பாலைவனமாகவே பயன்படுத்தி வந்துள்ளனர். இப்பெயர் பொருத்தமுடையதுதானா என்னும் வினா வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. ஒரு நிலத்தைப் பாலைவனம் என்று அழைத்துவிட்டால் அங்கு எதுவும் இல்லை என்னும் எண்ணம் உடன் வந்துவிடுகிறது. எதுவும் இல்லாத நிலத்தில் எதனையும் செய்யலாம் என்பது அதன் அடுத்த படி. தேரியின் வரலாற்றில் இவ்விரு படிகளும் நிகழ்ந்துள்ளன.

'தேரி' என்னும் சொல் மணற்குன்றைக் குறிப்பது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடற்கரையை ஒட்டி, தாமிரபரணிக்கு வடக்கே சாயர்புரம் பகுதி தொடங்கித் தெற்கே இடையன்குடி, குட்டம் வரையிலும் இச்செம்மணல் திட்டுகள் விட்டுவிட்டுக் காணப்படுகின்றன. தேரிக்குடியிருப்பு போன்ற ஊர்ப்பெயர்கள் இந்நிலத்தோடு மக்கள் கொண்டிருந்த உறவைக் காட்டுவன. குடியிருப்பு என்னும் சொல்லே தேரியோடு இணைந்து ஊர்ப்பெயராகியிருக்க, அதனைப் பாழ்நிலம் எனல் எங்ஙனம் பொருந்தும்?

மழையளவைக் கொண்டு நோக்கினும் இது பாலைவனம் ஆகாது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே புவியியலார் பொதுவாகப் பாலைவனம் என்பர். தேரி அமைந்துள்ள பகுதி அதனைப்போல் இருமடங்குக்கும் மேலாக மழை பெறுகிறது. அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. ஆயின் மழையைத் தடுக்கும் அம்மலை காற்றை முழுவதும் தடுப்பதில்லை. ஆரல்வாய்மொழி முதலிய கணவாய்களின் வழியே ஆனி, ஆடி மாதங்களில் புகும் வறண்ட காற்று சமவெளியைக் கடந்து கடலை நோக்கி விரைகின்றது. முப்பந்தலில் இன்று காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றே. மலையடிவாரச் செம்மண் நிலத்தினின்று இக்காற்று வாரிக்கொண்டு வந்த மணலே கடற்கரையில் தேரியாகக் குவிந்தது என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் விளக்கம். கடல் பின்வாங்கிய காலத்தில் வெளிப்பட்ட கடற்கரை மணலே பின்னர்க் காற்றால் அள்ளப்பட்டுக் குவிந்தது என்பாரும் உளர். மணலில் கலந்துள்ள இல்மனைட், கார்னெட், சிர்க்கான் முதலிய கன கனிமங்கள் கடலின் பங்கினை மறுக்கவியலாதபடி செய்கின்றன. மணல்துகள் ஒவ்வொன்றின் மீதும் படிந்துள்ள இரும்பு ஆக்சைடே செந்நிறத்திற்குக் காரணம். எவ்வாறாயினும், கண்ணுக்கெட்டிய தொலைவில் மேற்கே நீலக்கோடாகத் தெரியும் மலைக்கும் கிழக்கே ஒலிக்கும் கடலுக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலின் விளைவே இந்நிலம் எனலாம்.

இனித் திணைக்கோட்பாட்டின் வழி நோக்குவோம். தொல்காப்பியர் நிலங்களைத் தெய்வத்தோடு பகுத்துரைக்கும் இடத்தில் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. அதனை நடுவுநிலைத்திணையாகக் கொண்டு, நண்பகலையும் வேனிலையும் அதற்குரிய பொழுதாக்கினார். மணலை அவர் வருணனுக்கு உரிய நெய்தல் நிலத்தின் அடையாளமாகவே சுட்டுகிறார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனப் பின்னர் இளங்கோவடிகள் கூறியதும் காடும் மலையும் வறண்ட நிலையைத்தான், மணல்வெளியை அன்று. சங்கப் பாலைப்பாடல்களில் காணப்பெறுவன காய்ந்த மரங்களும் கள்ளியும் பருந்தும் வழிப்பறிக் கள்வருமே. மணல்மேடும் பனையும் அதில் கூடுகட்டும் அன்றிலும் தாழையும் நெய்தலுக்கு உரியன. ஆகவே சகாரா, தார் போன்ற மணற்பாலைகளைப் பற்றிய பிற்கால அறிவே 'பாலை' என்னும் சொல்லை மணலோடு பிணைத்தது எனல் தகும். தொல்காப்பியர் வழி நின்று பார்ப்பவர்க்குத் தேரி நெய்தலே. வேனிற்காலத்து நண்பகலில் மட்டும் அது பாலையின் தன்மை எய்துகிறது. திணைமயக்கம் என்பதற்கு வகுப்பறையில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இதனினும் சிறந்ததொன்று அரிதாகும்.

தேரியின் தொன்மையை முதன்முதலில் கருவிகளின் வாயிலாக உணர்ந்தவர் இராபர்ட் புரூஸ் பூட். 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இவர், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் குறித்து எழுதிய அறிக்கை 1883இல் வெளிவந்தது. சாயர்புரம் தேரியில் இவர் சேகரித்த சிறு கற்கருவிகள் பிற்காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 1894இல் மைசூர் அரசு தனக்கென நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்றவரும் இவரே. பெங்களூரில் அமர்ந்து கோலாரின் பொன்படுகையையும் கன்னட நாட்டின் பாறைகளையும் ஆராய்ந்த ஒருவர், அதற்கு முன்னர்ச் செம்மணலில் புதைந்த நுண்கற்கருவிகளைக் கண்டிருந்தார் என்பது இரு மாநில ஆய்வு வரலாற்றையும் இணைக்கும் செய்தி.

பூட்டின் கண்டுபிடிப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் தனித்தே நின்றது. 1956இல் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் ஆகிய இருவரும் திருநெல்வேலி மாவட்ட நுண்கற்கால இடங்கள் குறித்துத் தொல்லியல் துறையின் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் விரிவான கட்டுரை எழுதினர். 'தேரிப் பண்பாடு' என்னும் வழக்கு ஆய்வுலகில் நிலைபெற அதுவே காரணமாயிற்று. கருவிகள் படிகக்கல்லாலும் செர்ட் என்னும் கல்லாலும் செய்யப்பட்டவை; அவற்றுள் பல தேரியின் செஞ்சாயம் ஏறப்பெற்றவை. அச்சாயமே காலத்தை அறிய உதவும் சான்றாயிற்று. மணல் இறுகிச் சிவந்துகொண்டிருந்த காலத்திலேயே கருவிகள் அதனுள் கிடந்திருத்தல் வேண்டும் அல்லவா? பழைய கடல்மட்டங்களோடு ஒப்பிட்டு அவர்கள் கி.மு. 4000 அளவினைக் காலமாகக் கருதினர். அண்மைக்கால ஒளிர்வுமுறைக் கணிப்புகள், பனியூழி முடிந்த பின்னர்ப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேரிமணல் படிந்துவந்ததைக் காட்டுகின்றன. கடலோரத்தில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் இம்மணல்மேடுகளைத் தங்குமிடமாகக் கொண்டிருந்தனர் என்பது தெளிவு.

இதனை அடுத்து வரும் வரலாறு அனைவரும் அறிந்தது. ஈண்டு சுருங்கக் கூறின் போதும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டினை 1876இல் யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரே விரிவாக அகழ்ந்தார். 2004இல் மீண்டும் அகழாய்வு நடந்தது. பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை, பெரிப்ளூசும் தாலமியும் குறிப்பிட்ட துறைமுகம், இன்று கடலினின்று விலகி உள்நாட்டு ஊராகிவிட்டது. 1968-69இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரி, கி.மு. 785 என்னும் காலத்தைத் தந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் துறைமுகத்தை விழுங்க, கொற்கையின் இடத்தைக் காயல் பெற்றது. காயலையும் வண்டல் விடவில்லை. மணலாலும் வண்டலாலும் ஊர்கள் இடம்பெயர்ந்த வரலாறே இக்கரையின் வரலாறு.

கன்னட நாட்டினர்க்கு இது புதிதன்று. காவிரிக்கரையில் மணல் மூடிய தலைக்காட்டினை அவர்கள் நன்கு அறிவர். கங்கர் தலைநகராயிருந்து, சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர்பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளையும் கொண்டு விளங்கும் அவ்வூரில், விட்டுணுவர்த்தனன் சோழரை வென்றதன் நினைவாக எழுப்பிய கீர்த்திநாராயணர் கோயில் மணலை அகற்றியே காணத்தக்கதாயிற்று. அங்கு மணலுக்குக் காரணம் அலமேலம்மா என்னும் பெண்ணின் சாபம் என்பது மக்கள் நம்பிக்கை. தேரியிலோ மணல் போற்றிக் காக்கப்படுகிறது என்பது இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் கருதத்தக்கது.

தேரிக்குடியிருப்பிலுள்ள கற்குவேல் ஐயனார் கோயிலின் கள்ளர்வெட்டு விழா இதற்குத் தக்க சான்று. கார்த்திகை மாத இறுதியில் தேரிமேட்டில் நிகழும் இவ்விழாவில் கள்வனின் தலையாகக் கருதப்பெறும் இளநீர் வெட்டப்படுகிறது. அந்நீர் சிந்திய செம்மணலை அள்ளுதற்குக் கூட்டம் முந்துகின்றது. அள்ளிய மணலைத் திருநீறு போன்று இல்லத்தில் வைத்துக் காக்கின்றனர். கள்வர் பாலைத்திணைக்கு உரியவர் என்பதை நினைவிற்கொள்ளும் தமிழறிஞர்க்கு இவ்விழா சிந்தனையைத் தூண்டுவதாகும். ஆயினும் இதனைச் சங்க மரபின் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்ளுதற்குச் சான்று இல்லை. மேலப்புதுக்குடி அருகே அருஞ்சுனை காத்த ஐயனார் கோயில் உள்ளது. பெயரே சுனையைக் காத்தவர் என்கின்றது. பங்குனி உத்திரத்தில் குலதெய்வமாகிய சாத்தாவைத் தேடிப் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்து பொங்கலிடுகின்றன. காண்போர்க்கு வறள்வெளியாகத் தோன்றும் நிலத்தின் நடுவே சுனையும் அதற்கொரு காவல் தெய்வமும் இருத்தல் தற்செயலானதன்று. தேரி மழைநீரை வழியவிடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர்த் தாழ்ந்த இடங்களில் கசியவிடுகிறது. மணல்மேடுகளுக்கு இடையே ஆழமின்றிப் பரந்து கிடக்கும் ஏரிகளை மக்கள் 'தருவை' என்பர். புத்தன்தருவை, வைரவன்தருவை ஆகிய ஊர்ப்பெயர்கள் இவ்வழி வந்தன. தேரியை அகற்றின் கடலோரக் கிணறுகளில் உவர்நீர் ஏறும் என்பதை ஊரார் அறிவியலாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இந்நீரில் வாழ்வது பனை. பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தெடுக்கும் கருப்பட்டி இப்பகுதியின் அடையாளம். குலசேகரன்பட்டினத்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனைச்சர்க்கரை ஆலையும் அதற்கெனச் சிறு இருப்புப்பாதையும் இயங்கின. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். அதற்கு முன் 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அம்மக்களின் கடும் எதிர்ப்பிற்கு ஆளாயிற்று. மொழியின் ஒலிகளை அத்துணை நுட்பமாகக் கேட்ட செவி, அம்மொழியைப் பேசியவர்தம் வாழ்வைக் கேட்பதில் தவறியது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லமும் 1880இல் திருநிலைப்படுத்தப்பெற்ற தேவாலயமும் இன்று காணவருவோரை ஈர்க்கின்றன. அவ்வாறே மணப்பாட்டுக் கடற்குன்றில் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும், 1542இல் வந்த சவேரியார் தங்கியதாகக் கூறப்பெறும் குகையும், திருச்செந்தூரில் கடலலை தொடும் முருகன் கோயிலும் ஒரே நாளில் கண்டுவரத்தக்க தொலைவிலேயே உள்ளன.

தேரியின் மணலுக்கு வேறொரு விலையும் உண்டு. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கும் திட்டத்திற்காக 2007இல் சாத்தான்குளம், இராதாபுரம் வட்டங்களில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் வேண்டப்பட்டது. அப்போது எழுந்த விவாதத்தில் 'தரிசு' என்னும் சொல் திரும்பத் திரும்ப ஒலித்தது. பனையும் முந்திரியும் முருங்கையும் தரும் நிலம் எவ்வாறு தரிசாகும் என மக்கள் வினவினர். எதிர்ப்பு வலுக்கவே திட்டம் கைவிடப்பட்டது. கடற்கரைத் தாதுமணல் எடுத்தலுக்குத் தமிழக அரசு 2013இல் தடைவிதித்தது. 2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினத்தில் விண்ணேவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவும் சிறு ஏவுகலங்கள் இலங்கையைச் சுற்றிச் செல்ல வேண்டியதில்லை என்பதே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கு இக்கடற்கரையின் திசை வேண்டும். கனிமத் தொழிலுக்கு அதன் மணல் வேண்டும். சுற்றுலாவிற்கு அதன் நிறம் வேண்டும்.

நுண்கற்கருவிகளின் நிலை இவற்றுள் எதிலும் பேசப்படவில்லை. ஆதிச்சநல்லூர் 2020ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் சிறப்புத் தொல்லிடமாக அறிவிக்கப்பட்டது. அதனினும் பல்லாயிரம் ஆண்டு மூத்த தேரிக் கருவிகளோ, வாகனச் சக்கரமும் சுற்றுலாப் பயணியரின் காலடியும் படும் மணலின் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. விரல்நுனி அளவினதாகிய அக்கல்லைக் கையில் எடுத்தவர் அது கருவி என அறியாமல் வீசிவிட்டால், அடுத்த ஆடிக்காற்று அதன்மீது மணலை இட்டு மூடிவிடும். எந்தப் படிவில் கிடந்தது என்னும் சான்று அத்துடன் அழிந்துபோகும். குதிரைமொழியிலும் காயாமொழியிலும் வழிகாட்டிப் பலகை நடுவோர் முதலில் குறித்துவைக்க வேண்டியது இவ்விடங்களையே.